தொப்புள்கொடிக்கு முன் அனுமதி

தோட்ட எல்லைக்குள் எதையாவது வெட்டுவதற்கும், கட்டுவதற்கும், நடுவதற்கும், புதைப்பதற்கும் நிர்வாகத்தின் முன் அனுமதியை எழுத்தில் பெற்றிருக்க வேண்டும். விதி அதுதான். நமுனுகுலைப் பக்கத்தில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் சுவரில் அது மூன்று மொழியிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. தமிழ்ப் பிரதியின் கீழ்ப்பாதியை டெங்கு ஒழிப்பு அறிவித்தல் ஒன்று மறைக்கிறது. மறைந்திருந்தாலும் விதி விதிதான்.

அந்த விதிப்படி விண்ணப்பித்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கோழிக்கூடு கட்டுகிறவர்களும் வாழைக்கன்று வைக்கிறவர்களும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிறார்கள். ஒருவரும் நின்று வாசித்ததாகத் தெரியவில்லை. நான் வாசித்தேன். பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்து நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் சுவரில் எதைக் கண்டாலும் வாசிப்பான். ஓய்வூதியத்தோடு சேர்ந்து வரும் நோய் அது.

நான் புதைக்க விரும்பியது என் பேத்தியின் தொப்புள்கொடியை.

என் மகள் நியூசிலாந்தில் தாதியாக இருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் அமெரிக்கர் என்று முதலில் சொன்னாள். நாங்கள் அதற்கேற்ப மனதைத் தயார் செய்துகொண்ட பிறகு, அமெரிக்கர் என்றாலும் ஹவாய்க்காரர் என்றாள். உலகப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் யாரோ பேனாவை உதறியது போலச் சில தீவுகள். பிறகு, அவர் அந்தத் தீவிலும் பிறக்கவில்லை, லாஸ் வேகாஸில் பிறந்தவர் என்று தெரியவந்தது. சொந்தத் தீவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாத ஹவாய்க்காரர்கள் அந்தப் பாலைவனப் பட்டணத்துக்குப் போய் சூதாட்ட விடுதிகளில் வேலை செய்கிறார்களாம். அவருடைய தாய் அப்படிப் போனவர். ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் வேலை. மருமகன் தம் முன்னோரின் தீவைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடப் பருவத்தில், ஒரு சாவு வீட்டுக்காக.

ஆகவே அவர் ஹவாய்க்காரர் என்பது ஏறக்குறைய நான் திருச்சிக்காரன் என்பது போன்றது. என் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். நான் போனதில்லை. ஆனால் என் அப்பா தம் ஆயுளில் பாதியை, தாம் இந்தியாக்காரர் இல்லை, இங்கேதான் பிறந்தவர் என்று குடியுரிமைக்காக அலுவலகம் அலுவலகமாக எழுதிக் கொடுத்தே கழித்தார். நான் எழுதுவினைஞரானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மேசையின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். நியூசிலாந்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் பிரசவத்துக்குப் பதுளைக்கு வந்து நின்றாள். மருமகனும் நீண்ட விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அவர் நுழைந்தபோதுதான் எங்கள் வீட்டு வாசல் நிலை சிறியது என்று எனக்குத் தெரிந்தது. வாசலிலேயே நின்றார். என் மனைவி “வாங்க, வாங்க” என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கூச்சம் என்று நினைத்தேன். என்னை மாமா என்று கூப்பிட மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. அவருடைய ஆட்களும் வயதில் மூத்தவர் எவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்து சில நாளில் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. அன்று காலை நடந்ததை நான் அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். என் மனைவி தட்டாரிடம் முன்கூட்டியே செய்து வைத்திருந்த வெள்ளித் தாயத்தைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றாள். கொடியை அதற்குள் அடைத்துப் பிள்ளையின் அரைஞாணில் கட்டுவது அவள் வீட்டு வழக்கம். மருமகன் ஒரு வெள்ளைத் துணியை நீட்டிக்கொண்டு நின்றார். நடுவில் உட்கார்ந்திருந்த மகள் என்னைப் பார்த்தாள்.

ஒரே கடிதக் கோவையை இரண்டு பிரிவுகள் கேட்பது அலுவலகத்தில் சாதாரணம். அந்தச் சந்தர்ப்பத்தில் கோவையை மூன்றாம் ஆளின் பொறுப்பில் வைக்க வேண்டும். நான் கொடியை வாங்கி, ஒரு சிறிய மருந்துப் போத்தலில் போட்டு, இரும்பு அலுமாரியில் காணி உறுதிப் பத்திரத்தோடும் ஓய்வூதியக் கடிதத்தோடும் வைத்துப் பூட்டினேன். பிறகு இரு தரப்பையும் விசாரித்தேன்.

மருமகன் ஆங்கிலத்தில் சொன்னதை மகள் தாய்க்குத் தமிழில் சொன்னாள். அவர்கள் குடும்பத்தில் பிள்ளையின் கொடியைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டுவதில்லை. குடும்பத்து மற்றக் கொடிகள் இருக்கும் இடத்தில், ஒரு பாறை இடுக்கிலோ மரத்தின் வேரிலோ வைத்து மூடிவிடுவார்கள். பிள்ளை எங்கே போய் வாழ்ந்தாலும் அதற்கென்று ஓர் இடம் இருக்கும். வைப்பதற்குள் எலி தூக்கிக்கொண்டு போய்விட்டால் பிள்ளை திருடியாகிவிடும்.

எலி விஷயம் என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. “அது சரிதான். எலி எல்லா ஊர்லயும் எலிதான்” என்றாள். பிறகு, அவருடைய கொடி எந்தப் பாறையில் இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள்.

அவருடைய தாய், தீவுக்குப் போய் வர விமானச் சீட்டு வாங்கும் காலம் வரட்டும் என்று அதை ஓர் உறையில் போட்டு அலுமாரியில் வைத்திருந்தாராம். வாடகை வீடு மாறி மாறிப் போனதில் உறை எங்கேயோ போய்விட்டது. அதைப் பற்றி அவர் தாய் இன்றுவரை பேசமாட்டார். “எனக்கென்று ஓர் இடம் இல்லை மாமா. இவளுக்காவது இருக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு என் அலுமாரியைப் பார்த்தார்.

அன்று மாலை அவருடைய தாய் தொலைபேசித் திரையில் வந்தார். அகலமான முகம், காதோரம் ஒரு பூ, பின்னால் ஓர் இஸ்திரிப் பெட்டி. தீவில் தங்கள் குடும்பத்துப் பாறை இருந்த இடம் இப்போது ஒரு ஹோட்டலின் கோல்ஃப் மைதானம் என்றார். போவதற்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டுமாம். எனக்கு அந்த அம்மாள் மேல் உடனே மரியாதை வந்தது. பிள்ளையின் தாய் வழியில் கொடிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார்.

மகளுடைய கொடி தாயத்தில் இருந்தது. தாயத்து அவள் தவழ்ந்த காலத்தில், நாங்கள் அரசாங்க விடுதிக்கு வீடு மாறியபோது தொலைந்தது. இதைச் சொல்லும்போது என் மனைவி யாரையும் பார்க்கவில்லை. தாயத்துப் பற்றிய அவளுடைய வாதமும் அத்தோடு பலவீனமானது. இடம் தெரிந்த கொடி என்று எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது என்னுடையதும் என் அக்காவுடையதும்தான். இரண்டையும் நாங்கள் பிறந்த லயத்துக்குப் பின்னால் புதைத்ததாக அம்மா சொல்வார். அக்கா இன்னும் அதே லயத்தில் இருக்கிறாள். கொழுந்து பறித்து ஓய்ந்து, மகனோடு.

அங்கேயே வைக்கலாம் என்று முடிவானது. உடனே புறப்படலாம் என்றாள் மகள். முறையாகச் செய்வோம், என்னிடம் விடுங்கள் என்றேன் நான்.

தோட்ட ஆபீசில் பெரிய கிளார்க் என்னை மரியாதையாக உட்கார வைத்தார். புதைப்பதற்கு அனுமதி வேண்டும் என்றதும் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

“யாரு சேர் தவறுனது?”

“யாரும் தவறல. பொறந்திருக்கு.”

“அப்ப என்னத்தப் பொதைக்கப் போறீங்க?”

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கதவு பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். “அதுக்கு ஏன் சேர் ஆபீசுக்கு வந்தீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் சுவரைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து, டெங்கு அறிவித்தலைத் தூக்கிப் பிடித்து, பல வருடம் தம் முதுகுக்குப் பின்னால் இருந்த விதியை முழுவதுமாக வாசித்தார். பிறகு அனுமதிப் படிவம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். புதைப்பதற்கு ஒரே ஒரு படிவம்தான் இருந்தது. முதல் கேள்வி, இறந்தவரின் முழுப்பெயர். என் பேத்தியின் பெயரை அந்தக் கோட்டின் மேல் எழுத என் கை வரவில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதினேன். பிள்ளை உயிரோடு இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே தெளிவுபடுத்தினேன்.

கிளார்க் அதைத் தோட்ட மேனேஜரான துரையிடம் கொண்டுபோனார். புதிதாக வந்திருந்த இளம் துரை, மனித உடலின் பாகம் என்பதால் தம்மால் முடிவெடுக்க முடியாது என்றாராம். தோட்டத்து மருந்துக்காரரின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும், அதன் பிறகு கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்; கூடவே சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருப்பேன்.

திரும்பும் வழியில் அக்கா வீட்டில் தேத்தண்ணீர் குடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் பேசுவது எங்கள் குடும்பத்தில் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும்.

“ஒன்னோடதப் பொதைக்க எந்தத் தொரைக்கிட்ட தம்பி லெட்டர் வாங்குனாங்க?”

“அப்ப இந்த விதி இல்லக்கா.”

“இருந்துச்சு. வெள்ளக்காரத் தொரை காலத்துலயே இருந்துச்சு. யாருக்கும் வாசிக்கத் தெரியல, அதனால எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. ஒன்னயப் படிக்க வச்சதுதான் தப்பு.”

பதில் வரவில்லை. முதல் நினைவூட்டலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டாம் நினைவூட்டலில் முதலாவதின் பிரதியை இணைத்தேன். மூன்றாவதில் இரண்டையும் இணைத்தேன். இப்படித்தான் ஒரு கோவை வளரும். மருமகன் ஒவ்வொரு நாளும் காலையில், முகம் கழுவியதும், அலுமாரியைத் திறக்க முடியுமா மாமா என்று கேட்பார். திறப்பேன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நன்றி சொல்லித் திருப்பிக் கொடுப்பார். பூட்டுவேன்.

எங்கள் வீட்டுச் சீலிங்கில் எலி இருக்கிறது. அது பதுளையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. மருமகன் அதன் காலடிச் சத்தத்தைக் கேட்ட மறுநாள் பஜாருக்குப் போய், இருந்த எலிப்பொறிகளில் ஒவ்வொரு வகையிலும் இரண்டு வாங்கி வந்தார். இரும்புச் சாமான் கடை முதலாளி எனக்குப் பழக்கமானவர். அடுத்த முறை கண்டபோது, “என்ன சேர், வெளிநாட்டு மாப்பிள எலி ஏத்துமதி செய்யப் போறாரா?” என்று கேட்டார். இரும்பு அலுமாரியை எலி கடிக்காது என்று நான் மருமகனுக்கு விளக்கினேன். தம் தாய் வீட்டில் இருந்ததும் இரும்பு அலுமாரிதான் என்றார்.

அவருடைய விடுமுறை முடியும் நாள் நெருங்கியது. மகளும் பிள்ளையும் அவரோடு போவதாக ஏற்பாடு. நான் ஒரு நடைமுறையான யோசனை சொன்னேன். நீங்கள் போய் வாருங்கள், போத்தல் என்னிடம் பத்திரமாக இருக்கும், அனுமதி வந்ததும் நானே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

மருமகன் தலையாட்டினார். “என் அம்மாவும் இதே மாதிரித்தான் நினைத்தார்” என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. தகவல் சொல்லும் குரல். மகளும் குரலை உயர்த்தவில்லை; ஆனால் சுற்றி வளைக்கவில்லை.

“அப்பா, நீங்க இல்லாத காலத்துல இந்த அலுமாரிய யாரு தொறப்பா? தொறந்தா, போத்தல்ல இருக்குறது என்னான்னு யாருக்குத் தெரியும்?”

எனக்கு வாரிசு நியமனம் பற்றிய எல்லாச் சுற்றறிக்கைகளும் தெரியும். இதற்கு விடை எதிலும் இல்லை.

அனுமதிக்குக் காத்திராமல் ஞாயிற்றுக்கிழமை போவதென்று தீர்மானித்தோம். அப்போது மருமகனே குறுக்கிட்டார். அனுமதி கேட்காமல் அந்த இடத்துக்குள் போகக் கூடாது என்றார். எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர அப்படி நினைக்கும் முதல் ஆள் அவர்தான். எனக்கு மகிழ்ச்சி. கோவையை எடுத்து வந்து, விண்ணப்பம், பதிவுத் தபால் துண்டுகள், நினைவூட்டல்கள் எல்லாவற்றையும் காட்டினேன். பொறுமையாக ஒவ்வொன்றையும் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு, இவர்கள் அங்கே வசிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, கொழும்பில் இருக்கிறார்கள் என்றேன். அங்கே வசிப்பவர்களிடம் யார் கேட்டது என்றார்.

அவர்கள் வழக்கத்தில் பிறர் இடத்துக்குள் போகிறவர் எல்லையில் நின்று, தாம் யார், யாருடைய பிள்ளை, எதற்காக வந்திருக்கிறார் என்று உரக்க ஓதிக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பவர் பதில் கொடுத்த பிறகுதான் அடி எடுத்து வைக்க வேண்டும். அவர் அதை வாழ்க்கையில் ஒரு தடவையும் செய்ததில்லை. ஒரு வாரமாகத் தாயிடம் தொலைபேசியில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். குளியலறையில் கேட்ட சத்தத்துக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. என் மனைவி அவருக்கு வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தேயிலைக்கு முன்னால் அந்த நிலத்தில் யார் இருந்தார்கள் என்றும் கேட்டார். சிங்களக் கிராமத்தவர்கள் காட்டை எரித்துப் பயிரிட்ட சேனை, அதற்கு முன்னால் காடு என்றேன். இரண்டுக்கும் விலாசம் இல்லை. அவர் சிரித்தார். கரும்புத் தோட்டம் வருவதற்கு முன் தீவில் இருந்தவர்கள் தம் ஆட்கள் என்றார். அவர்களிடமிருந்து நிலத்தை எடுத்தார்கள். எங்களை எடுத்துக்கொண்டு வந்து நிலத்தில் விட்டார்கள். தோட்டம் என்பது இந்த இரண்டு வேலையும் சேர்ந்தது என்றார். நான் நாற்பது வருடம் காணிக் கோவைகளோடு இருந்தவன். இதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்கு எழுதி அனுப்பியதில்லை.

ஞாயிறு காலை வாடகை வேனில் போனோம். லயத்துக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையின் தலைப்பில் மருமகன் நின்றார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவ்வளவு பெரிய கையில் அது பொருத்தமில்லாமல் இருந்தது. பக்கத்தில் மகள் பிள்ளையோடும் என் மனைவி குடையோடும் நின்றார்கள். போத்தல் என்னிடம்.

அவர் ஓதத் தொடங்கினார். பாட்டு என்று சொல்ல முடியாது. மந்திரம் என்றும் சொல்ல முடியாது. ஒரே மூச்சில் நீளமாக இழுத்து, கடைசியில் குரல் நடுங்கி விழுந்தது. இடையில் பேர்கள் வந்தன. அவருடைய தாயின் பேர் மட்டும் எனக்கு விளங்கியது. அதற்கு முன்னால் வந்த நீண்ட வரிசை, அவரே பார்த்திராத ஆட்களுடையது. பெரட்டில் பேர் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். கூப்பிட்ட பேருக்கு யாராவது குரல் கொடுப்பார்கள் என்று என் காது தானாகவே காத்திருந்தது.

முடித்துவிட்டு அவர் நின்றார். பதிலுக்காக.

பதில் சொல்ல வேண்டும் என்று லயத்தில் எவருக்கும் தெரியாது. தண்ணீர்ப் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையில் துணியோடு பார்த்தார்கள். ஒருவர் இது எந்தச் சபை என்று என் மனைவியிடம் கேட்டார். இன்னொருவர் கூரைத் தகடு கொடுக்க வந்தவர்களா என்று விசாரித்தார். ஒரு நாய் வந்து மருமகனின் செருப்பை மோந்துவிட்டுப் போனது. அவர் அசையவில்லை. தாளைப் பிடித்த கை மட்டும் மெதுவாகக் கீழே இறங்கியது. அவருடைய கழுத்து சிவந்துகொண்டிருந்தது. தாம் எதையோ தவறாகச் செய்துவிட்டோம், இந்த இடமும் தமக்கு இல்லை என்று நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. பதில் வராத விண்ணப்பதாரியின் முகத்தை நான் கவுண்டரின் மறுபக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் என் அப்பாவிடமும் பார்த்திருக்கிறேன்.

அக்கா லயத்தில் தன் வீடான ஒற்றைக் காம்பராவிலிருந்து வெளியே வந்தாள்.

“என்ன தம்பி, மாப்பிளைய ரோட்டுலயே நிப்பாட்டி வச்சிருக்க?”

“உள்ள வரலாமான்னு கேக்குறாருக்கா. பதில் சொல்லாம வரமாட்டாரு.”

“யாரக் கேக்குறாரு?”

“இங்க இருக்குறவங்கள.”

“தொரையவா?”

“இல்லக்கா. ஒன்னய.”

அக்கா கையைச் சேலையில் துடைத்தாள். லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தாள். அந்தத் தோட்டத்தில் அவளிடம் அனுமதி கேட்டவர் அதுவரை யாரும் இல்லை.

“வாங்க,” என்றாள். சத்தம் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, மலைக்கு மலை கூப்பிடும் குரலில் மறுபடியும், “வாங்க! எல்லாரும் உள்ள வாங்க. புள்ள மேல வெயில் படுதுல்ல.”

அடுத்த காம்பராவிலிருந்து இன்னொருத்தி “வாங்க தம்பி” என்றாள். பிறகு பீலியடியிலிருந்து. பிறகு கூரைத் தகடு பற்றி விசாரித்தவர். மருமகனுக்குத் தெரிந்த தமிழ் மிகக் கொஞ்சம். ஆனால் அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டு வாசலில் அவர் நாலு தடவை கேட்டிருக்கிறார். தாளை மடித்துப் பையில் வைத்தார். உடனே நடக்க முடியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பி, லயத்துக்குப் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்ததை வாசித்தேன். எந்தத் திட்டத்தின் கீழ், யாருடைய நிதியில், எத்தனை குடும்பங்களுக்கு. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

அந்தத் தொட்டிதான் பிரச்சினையானது. அக்கா எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், அதன் கொங்கிரீட் அடியைக் காட்டினாள். “இந்தா, ஒன்னோடதும் என்னோடதும் இதுக்குக் கீழதான். நல்லா நனைஞ்சுக்கிட்டுக் கெடக்கு.” என் கொடியின் மேல் நான் பிறந்த லயத்துக்குக் குடிநீர் நிற்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதைக் கட்டியபோது முன் அனுமதி பெற்றிருப்பார்கள்.

தொட்டியை ஒட்டி, மண் சரியாமல் இருக்க அந்தக் காலத்தில் கட்டிய கல்கட்டு ஒன்று நிற்கிறது. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல் அடுக்கியது. மருமகன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்றார். இரண்டு கல்லுக்கு நடுவில் விரல் நுழையும் ஓர் இடுக்கு. என்னைப் பார்த்தார். நான் போத்தலைக் கொடுத்தேன். கொடியை வெள்ளைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளினார். எலி நுழையாமல் அடைக்க அக்கா ஒரு கல் கொண்டுவந்தாள், சேரவில்லை. அவள் மகன் கொண்டுவந்ததும் சேரவில்லை. மூன்றாவதை அம்மிக் குழவியால் தட்டி இறுக்கினார்கள். மருமகன் பிள்ளையை வாங்கி, அதன் உள்ளங்கையைக் கல்லில் வைத்தார். பிள்ளை அழுதது. கல் குளிர்ந்திருந்தது.

நாங்கள் எதையும் வெட்டவில்லை, கட்டவில்லை, நடவில்லை, புதைக்கவுமில்லை. இடுக்கில் வைப்பது விதியில் இல்லை. விதியில் சொல்லாததெல்லாம் அனுமதிக்கப்பட்டது என்று வாதாடியவர்களை என் சேவைக்காலம் முழுவதும் கவுண்டரிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று அதே வாதத்தை எனக்கே முன்வைத்து, ஏற்றுக்கொண்டு, ஒப்புதல் வழங்கினேன்.

என் மனைவி கல்கட்டின் அடியில் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து, வெறுமையாகக் கிடந்த தாயத்தில் போட்டாள். பதுளைக்கு வந்து தட்டாரிடம் கொடுத்து வாயை ஒட்டிவிட்டாள். பிள்ளை அதைக் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறியது. நியூசிலாந்துக்குள் மண் கொண்டுபோவது மிகக் கடுமையாகத் தடுக்கப்பட்ட விஷயம். வருகைப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. என் மகள் அதற்கு என்ன விடை எழுதினாள் என்று நான் விசாரிக்கவில்லை.

விண்ணப்பத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. நிலுவையில் உள்ள ஒரு விஷயத்தை விண்ணப்பதாரியே இடையில் கைவிடுவது கோவையைக் குழப்பும்.

பிறகு ஒரு நாள் தலைமை அலுவலகத்தின் கடிதம் வந்தது. மருத்துவ ரீதியில் ஆட்சேபம் இல்லை. ஆயினும் விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்ட பிள்ளை தோட்டத்தில் பதிவு செய்யப்பட்டவர் அல்ல. பிள்ளைக்கும் இத்தோட்டத்துக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தும் ஆதாரத்தைச் சமர்ப்பித்தால் அனுமதி பரிசீலிக்கப்படும்.

இந்த வாக்கியம் எனக்குப் புதிதல்ல. இந்த நாட்டோடு உமக்கு என்ன தொடர்பு, ஆதாரம் காட்டு என்று என் அப்பாவுக்கு வந்த கடிதங்களும் இப்படித்தான் முடியும். தொலைபேசியில் மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். என்ன ஆதாரம் காட்டப் போகிறீர்கள் என்று கேட்டார். இருப்பது ஒன்றுதான், கல்கட்டில் இருக்கிறது, அதைக் காட்டினால் அனுமதியில்லாமல் வைத்ததையும் காட்டியதாகிவிடும் என்றேன்.

“அங்கேயே இருக்கட்டும் மாமா” என்றார்.

என் அப்பாவிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. என்னிடம் இருக்கிறது, காட்ட முடியாது. இதை நான் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தின் மூலையில் ‘மேல் நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி, சுருக்கமாகக் கையொப்பமிட்டு, பழைய பழக்கத்தில் கிடைத்த நாளையும் குறித்தேன்: ஜனவரி 13, பொங்கலுக்கு முதல் நாள்.